சண்முகம் என்றொரு ஆங்கிலச் சொல்

1

போன சனிக்கிழமை மதியம் அடுத்த வாரத்துக்கான சட்டைகளுக்கு இஸ்திரி போட்டபடி எங்கள் ஊர் வானொலியில் கால்பந்து வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் வடக்கே நாங்கள் இருக்கும் இந்த மில் ஊரில், சனிக்கிழமை மதியம் பாதிப் பேர் மைதானத்தில் இருப்பார்கள். மீதிப் பேர் வானொலிக்குப் பக்கத்தில் இருப்பார்கள். அன்று வர்ணனை செய்தவர் லென் ஹோல்ராய்டு. முன்பு இந்த ஊர் அணிக்கு விளையாடியவர், பிறகு அதே அணிக்கு மேனேஜராக இருந்தவர். வானொலியில் பேச ஆரம்பித்து அன்றோடு ஒரு வருடம் முடிந்தது. என் நண்பர்.

ஆட்டத்தின் நடுவே எங்கள் அணிக்காரர் ஒருவர் பந்தை வாங்கினார். இடப்பக்கம் ஒருவரும் வலப்பக்கம் ஒருவரும் காலியாக நின்று கையைத் தூக்கிக் கேட்டார்களாம். அவர் யாருக்கும் தரவில்லை. எதிரணியின் நாலு பேருக்கு நடுவே தானே புகுந்து பந்தைப் பறிகொடுத்தார். லென் ஒரு பெருமூச்சு விட்டு, "என்ன செய்வது, ஒரு சண்முகம் பண்ணிவிட்டார்" என்றார்.

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். சமையலறையிலிருந்து பத்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "ஏங்க, இப்ப இவரு என்ன சொன்னாரு?" என்றாள்.

திங்கட்கிழமை மருத்துவமனையில் எல்லாரும் என்னிடம் அதையேதான் கேட்டார்கள். நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் ஊழியர் ஒருவர், "ராஜ், அது உங்கள் மொழிச் சொல்லா? என்ன அர்த்தம்?" என்றார். ஆறு முகம் உள்ளவர் என்று அர்த்தம் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஆறு முகம் இருந்துமா பக்கத்தில் நின்றவனைப் பார்க்கவில்லை?" என்று கேட்டார்.

சண்முகம் என் தம்பி. மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கிறான். மறுநாள் காலையே மண்டிக்கு டிரங்க் கால் போட்டு விஷயத்தைச் சொன்னேன். நம் ஊர்ப் பத்திரிகைக்கு இதை எழுதலாமா என்றும் கேட்டேன்.

"எழுதிக்கங்கண்ணா," என்றான். "ஆனா முழுசா எழுதுங்க. பாதியில உட்டீங்கன்னா எம் பேரு கெட்டுப் போயிரும்."

முழுசாக எழுதுகிறேன்.

2

லென்னின் முகத்துக்கு முன்னால் அவருடைய முழங்காலைப் பார்த்தவன் நான். நான் எக்ஸ்ரே எடுக்கிறவன். இந்த ஊருக்கு வந்த புதிதில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், வலது முழங்கால் என்று எழுதிய சீட்டோடு அவரை மேசையில் படுக்க வைத்திருந்தார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பழக்கதோஷத்தில், "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்றேன். பிடித்தார். படம் எடுத்து முடித்து, தகட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. அவர் பேசியதில் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. அந்த ஊர்ப் பேச்சு அப்படி. முழங்காலுக்கு எதற்கு மூச்சு என்று கேட்டிருக்கிறார். அது நர்ஸ் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அன்று ஆரம்பித்த சிரிப்புதான் நட்பாக வளர்ந்தது.

அந்த முழங்கால்தான் அவர் சரித்திரம். அப்பா சுரங்கத் தொழிலாளி. லென் பதினேழு வயதில் ஒன்பதாம் எண் சட்டை போட்டு முன்களத்தில் இறங்கியவர். ஊரே தோளில் தூக்கி வைத்திருந்தது. இருபத்தெட்டு வயதில் முழங்கால் போனது. எல்லாரும் அவர் ஓய்வு பெற்றுவிடுவார் என்று நினைத்தார்கள். அவர் பின்களத்துக்குப் போய் ஐந்தாம் எண் சட்டை போட்டுக்கொண்டு மேலும் எட்டு வருடம் ஆடினார். பின்னால் நிற்கும்போதுதான் ஆட்டம் முழுக்கக் கண்ணில் படுகிறது என்பார். அதனாலேயே அவரை மேனேஜராகவும் ஆக்கினார்கள்.

அந்த வேலை மூன்று வருடம்தான் ஓடியது. அணி தோற்றது, இன்னும் தோற்றது, கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. ஒரு நாள் காலை தபாலில் நாலு வரிக் கடிதம் வந்தது. இருபத்திரண்டு வருடம் போய்வந்த இடத்திலிருந்து, தபால்காரர் கையில் கொடுத்தனுப்பிய நாலு வரி. மூன்று தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்கு யாரும் நேரில் வந்து சொல்லவில்லை.

3

லென்னின் மனைவி என்னைக் கூப்பிட்டார். மனிதர் திரைச்சீலையை மூடிக்கொண்டு முன்னறையிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்றார். உள்ளூர் வானொலிக்காரர் ஒருவர் வந்து, வாரா வாரம் ஆட்டத்தைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டாராம். மைக்கைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் மலரைக் கூட்டிக்கொண்டு போனேன். மலருக்குப் பத்து வயது. பள்ளியில் அவள் மார்லா. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். லென் பேசும் ஆங்கிலத்தை எனக்குப் புரியும் ஆங்கிலமாக மாற்றித் தருவதும் அவள்தான். வருடத்துக்கு வருடம் அவள் அந்தப் பக்கம் ஒரு அடி போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்குக் கவலை. லென் வீட்டில் மட்டும் அது உபயோகப்பட்டது.

அன்று யாருக்கும் பேச்சு வரவில்லை. மலர் சலித்துப்போய், காரில் நாங்கள் கேட்டுக்கொண்டு வந்த கேசட்டை எடுத்து வந்து அவர்கள் டேப்பில் போட்டுவிட்டாள். சண்முகம் அனுப்பிய கேசட் அது. ஒரு பக்கம் வீட்டார் நலம் விசாரிப்பது. மறுபக்கம் மாரண்டஹள்ளி அணி ஆடிய ஒரு ஆட்டம், வர்ணனை பாஷா. பாஷா எங்கள் ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் மைக் செட்தான். வீட்டில் உருது, கடையில் தமிழ், ஓசூர்ப் பக்கம் போனால் கன்னடம். ஆட்டம் சூடுபிடித்துவிட்டால் மூன்றும் சேர்ந்து வரும்.

"சண்முகம் பந்த எடுத்துட்டாரு. சண்முகம் போறாரு. பேகா பேகா, சீக்கிரம் போங்க. சண்முகம் இன்னும் போறாரு. சண்முகம்... உட்டுட்டாரு."

லென் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேசட் முழுவதையும் கேட்டார். திருப்பிப் போடச் சொல்லி மறுபடியும் கேட்டார்.

"இவருக்கு ஆட்டம் தெரிகிறது," என்றார். "மொழி தெரியாத எனக்கே பந்து எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. ஒரு வார்த்தைதான் புரியவில்லை. அடிக்கடி வருகிறது. அது வந்தால் கூட்டம் எழுந்து கத்துகிறது. கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் ஒன்றாக 'ச்சே' என்கிறார்கள். சண்முகம் என்றால் உங்கள் மொழியில் தோற்றோம் என்று அர்த்தமா?"

"அது ஒருவருடைய பேர்," என்றேன். யாருடைய பேர் என்று சொல்லவில்லை.

அவர் அணியின் குறைகளை அடுக்க ஆரம்பித்தார். பத்துப் பேரும் பந்துக்குப் பின்னாலேயே ஓடுகிறார்கள், சத்தத்திலேயே தெரிகிறது, மைதானத்தின் ஒரு மூலையில் புழுதி பறக்கிறது, மறு மூலையில் ஆடு மேய்கிறது என்றார். கோபம் ஏற ஏறக் குரலும் தெளிவானது. நான் மெதுவாக ஒரு காலி கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்திவிட்டேன். இருபது நிமிடம் பேசினார். மைக் இருப்பதே அவருக்குத் தெரியாது.

அப்படித்தான் இங்கிலாந்தில் வேலை போன மேனேஜர், தான் பார்த்திராத மாரண்டஹள்ளி அணிக்குத் தபாலில் மேனேஜர் ஆனார். கேசட்டோடு நான் தமிழாக்கம் எழுதி அனுப்புவேன். தபால் நிலையத்தில் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். உள்ளே என்ன என்று கேட்டார்கள். திட்டு என்றேன். அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அன்பளிப்பு என்று எழுதச் சொன்னார்கள்.

போகப் பத்து நாள், வரப் பத்து நாள். முதல் கேசட்டில் லென், எதிரணியில் ஆளுக்கு ஒருவரை மார்க் பண்ணச் சொல்லியிருந்தார். ஒட்டி நின்று மறிப்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். நான் விளக்காமல் அப்படியே எழுதிவிட்டேன். மூன்று வாரம் கழித்துச் சண்முகத்தின் பதில் வந்தது: "சார் சொன்னபடி மார்க் போட்டாச்சு. அவங்க கோல்கீப்பருக்கு நூத்துக்கு அம்பத்தஞ்சு. மத்தவங்க எல்லாம் பெயிலு. பாஷா தனக்குத்தானே தொண்ணூறு போட்டுக்கிட்டாரு."

இதை மலர் மூலமாகக் கேட்டபோது லென் சிரித்த சிரிப்பில் அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்தார். பிறகு போய்த் திரைச்சீலையைத் திறந்துவிட்டார்.

4

நாலைந்து மாதத்தில் அணி ஒழுங்குக்கு வந்தது. கேசட்டில் 'ச்சே' குறைந்தது. பாலக்கோட்டில் வருடா வருடம் நடக்கும் போட்டியில் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். எதிரே இண்டூர் அணி. அதற்கு முந்தைய கேசட்டைக் கேட்டுவிட்டு லென் சொன்னார்:

"எல்லாம் சரி. அந்தச் சண்முகத்தை மட்டும் முன்களத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். மனிதருக்கு வேகம் போய்விட்டது. போய்விட்டது என்று தெரிந்ததால்தான் பந்தைத் தர மாட்டேன் என்கிறார். இதை மறக்காமல் எழுது."

நான் எழுதவில்லை.

காரணம் சொல்கிறேன். எனக்கு வெளிநாட்டு வேலை கிடைத்த வருடம் சண்முகம் சேலத்தில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு முதுகு முடியாமல் போனது. நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும். நான் விமானம் ஏறினேன், அவன் ஊருக்குப் பஸ் ஏறினான். பேச்சுவார்த்தை எதுவும் நடக்கவில்லை. அப்படி ஆகிவிட்டது. அந்த அணியை ஆரம்பித்ததும் அவன்தான். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், ஒரு கண்டக்டர், ஒரு வாத்தியார் என்று ஆள் சேர்த்து, வாரத்தில் மூன்று மாலை தனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். அதையும் நானே, கடிதத்தில், வேண்டாம் என்று எழுதுவதா?

லென் பேசியதில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதினேன். கேசட் போனாலும் அவர் பேச்சு அங்கே யாருக்கும் புரியாது என்று எனக்குத் தெரியும்.

இண்டூரிடம் ஒன்றுக்கு மூன்று என்று தோற்றார்கள். அந்தக் கேசட்டில் சண்முகம் என்ற பேர் எத்தனை முறை வந்தது என்று நான் எண்ணவில்லை. லென் எண்ணியிருப்பார். டேப்பை நிறுத்தினார்.

"அங்கேயும் என் பேச்சை யாரும் கேட்கவில்லை," என்றார். "சரி ராஜ். போதும். இனி கேசட் கொண்டுவர வேண்டாம்."

எழுந்துபோய் ஜன்னலருகில் நின்றார். முகத்தை நான் பார்க்கவில்லை. நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மலரை வெளியே அனுப்பிவிட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சண்முகம் என் தம்பி, நான்தான் எழுதாமல் விட்டேன், அவர்கள் உங்கள் பேச்சை ஒரு வரி விடாமல் கேட்கிறார்கள் என்றேன்.

லென் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை.

"எங்கள் கோல்கீப்பர் இருந்தாரே, நினைவிருக்கிறதா? என்னோடு பதினேழு வயதில் சேர்ந்தவர். கண் மங்கிவிட்டது. அவரை எடுத்திருந்தால் நாங்கள் கீழே இறங்கியிருக்க மாட்டோம். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாரா வாரம் சனிக்கிழமை காலை அவர் பேரைத்தான் முதலில் எழுதினேன்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை."

"இப்போது எழுதிவிடட்டுமா?"

"வேண்டாம். ஒருவரை அணியிலிருந்து எடுப்பதைத் தபாலில் சொல்லக் கூடாது," என்றார். "அடுத்த போட்டி எப்போது?"

5

லென் விசா படிவத்தில் வருகையின் நோக்கம் என்ற இடத்தில், 'ஒரு மனிதரை அணியிலிருந்து எடுக்க' என்று எழுதி அனுப்பிவிட்டார். அதிகாரி கூப்பிட்டு, யாரை எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்று விசாரித்தார். நான் போய்ச் சுற்றுலா என்று மாற்றி எழுதி வாங்கி வந்தேன். லென், நான், பத்மா, மலர், நாலு பேரும் கிளம்பினோம். எனக்கு அது ஆறு வருடம் கழித்துப் போகும் முதல் பயணம்.

வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கினால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். மறுநாளே லென்னைக் கூட்டிக்கொண்டு போனேன். ரைட்டர் மரியாதையாக நாற்காலி போட்டார்.

"சாரு என்ன வேலைங்க?"

"மேனேஜருங்க."

"எந்த பேங்க்லீங்க?"

"பேங்க் இல்லீங்க. ஃபுட்பால்."

"ஃபுட்பாலுக்கு எதுக்குங்க மேனேஜரு? பந்து ஒண்ணுதானங்க இருக்குது?"

இப்போது அந்த வேலையும் இல்லை என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று லென் கேட்டார். இனிமேல் எதையும் விட்டுச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். "வேலையில்லாதவர் என்று எழுதியிருக்கிறார்" என்றேன். "நல்ல மனிதர். மறைக்காமல் எழுதுகிறார்" என்று லென் கை குலுக்கிவிட்டு வந்தார்.

இரண்டு நாள் மாலைப் பயிற்சியைப் பள்ளி மைதானத்தில் ஓரமாக நின்று பார்த்தார். சண்முகம் அவரை நேரில் கண்ட மகிழ்ச்சியில் இன்னும் அதிகமாக ஓடினான். மூன்றாம் நாள் பயிற்சி முடிந்ததும் லென் அவனைக் கூப்பிட்டார். மூன்று பேரும் மைதானத்தைச் சுற்றி நடந்தோம். லென் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

"சார் சொல்றாரு, நீ இனிமே முன்னால ஆடக் கூடாதாம். வேகம் போயிருச்சாம். பின்னால வந்தா இன்னும் அஞ்சு வருஷம் ஆடலாமாம். அவரும் அப்படித்தான் மாறினாராம்."

சண்முகம் பந்தைக் கையில் உருட்டியபடி நடந்தான். "ரெண்டு நாள் பாத்துட்டு இத சொல்றாருங்களா?"

நான் நின்றேன். "இல்லடா. போன வருஷமே சொன்னாரு. கேசட்லயே இருந்துச்சு. நான்தான் எழுதல."

"இண்டூர் மேட்ச்சுக்கு முன்னயா?"

"முன்னதான்."

"ஏங்கண்ணா?"

"உனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்னு நெனச்சேன்."

அவன் முகம் மாறியது. "எனக்கு என்ன இருக்குது, என்ன இல்லன்னு நீங்க எப்படிங்கண்ணா முடிவு பண்ணுவீங்க? பொண்டாட்டி இருக்குது, புள்ளைங்க இருக்குது, மண்டி இருக்குது. ஏதோ இங்க நான் ஒண்ணுமில்லாம கெடக்கற மாதிரி அங்க உக்காந்து நெனச்சிக்கிட்டு இருக்கீங்க." குரலை உயர்த்தவில்லை. "டீமுல பதினோரு பேரு இருக்கறோம். என் ஒருத்தனுக்காக பத்து பேர தோக்க வெச்சிட்டீங்க."

பந்தை லென் கையில் கொடுத்துவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் என்ன சொன்னான் என்று லென் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "உன்னிடம்தான் கோபம். என்னிடம் இல்லை," என்றார். அது ஆறுதலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் சண்முகம் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மண்டியில் வேலை என்று வராமல் இருந்துவிடுவான். பாஷாதான் எங்களை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பரிசல்காரர் நடு ஆற்றில் பரிசலைச் சுற்றிவிட, லென் கண்ணை மூடிக்கொண்டு பாஷாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கரையில் மீன் வறுவல் தின்ற பிறகுதான் பேச்சு வந்தது. மலர் மட்டும் இன்னொரு முறை சுற்றச் சொல்லுங்க என்றாள், தமிழில். பத்மா என்னைப் பார்த்தாள். நான் காது கேட்காதவன் போல ஆற்றைப் பார்த்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொண்டால் நிறுத்திவிடுவாள்.

"அவரு வருவாருங்க," என்றார் பாஷா, முள்ளை எடுத்தபடி. "சண்முகத்த எனக்கு இருவது வருஷமா தெரியும். வர்ற வரைக்கும்தான் கோவம்."

6

இந்த முறை, நாங்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள்ளேயே அணி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டிருந்தது. எதிரே ஓசூரிலிருந்து வந்த ஒரு தொழிற்சாலை அணி. எல்லாருக்கும் ஒரே மாதிரி காலுறை, தனி வேன், எலுமிச்சம்பழச் சாறு கலக்க ஒரு ஆள். நாலு வருடமாகக் கோப்பை அவர்களிடம்தான்.

பாலக்கோடு மைதானத்தில் எங்கள் ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். கடைசியாகச் சண்முகம் இறங்கினான். முதுகில் ஒன்பதைப் பிரித்துவிட்டு ஐந்தைத் தைத்திருந்தான். பழைய எண் இருந்த இடத்தில் துணி நிறம் மாறாமல் பளிச்சென்று தெரிந்தது. என்னைத் தாண்டி லென்னிடம் போய், தயாரித்து வைத்திருந்த ஆங்கிலத்தில், "சார், ஐ கம் பேக் சைடு" என்றான். லென் தலையை ஆட்டி, தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

பாஷாவின் மேசையில் இரண்டு மைக் இருந்தது. லென்னை இழுத்து உட்கார வைத்து, "சார், நீங்களும் பேசணும்" என்றார். லென் என்னைப் பார்த்தார். "இங்கே யாருக்கும் உங்கள் ஆங்கிலம் புரியாது. தப்பாகப் பேசினாலும் தெரியாது" என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

முதலில் ஓரிரு வார்த்தை. பிறகு ஒரு வாக்கியம். இடைவேளைக்குள் அவர் மைக்கை மறந்துவிட்டார். பந்து ஓசூர்க்காரர்களின் காலில் எங்கள் கோலை நெருங்கும்போது மற்ற வர்ணனையாளர்கள் கத்துவார்கள். லென் குரலைத் தாழ்த்தினார். காதில் ரகசியம் சொல்வது போலப் பேசினார். மொழி தெரியாத அத்தனை கூட்டமும் சத்தமில்லாமல் கேட்டது. சண்முகம் குறுக்கே வந்து பந்தை வெளியே உதைத்ததும், லென் நிதானமாக ஒரு மூச்சு விட்டு, "ஷான்முகம்" என்றார். கூட்டம் கைதட்டியது.

பாஷா அதையெல்லாம் தமிழாக்கிக்கொண்டிருந்தார். "சார் என்ன சொல்றாருன்னா, ஓசூர்க்காரங்களுக்கு இன்னிக்கு கெடைக்கப் போறது ஊட்டுக்குப் போற வேன் மட்டும்தான்னு சொல்றாரு." லென் அப்படிச் சொல்லவேயில்லை. நான் திருத்தவும் இல்லை. அந்த ஒரு முறை மட்டும் விலக்கு.

யாரும் கோல் போடவில்லை. கூடுதல் நேரம் ஆடினார்கள். வெளிச்சம் குறைந்து பந்து தெரியாமல் போனது. பொறுப்பாளர்கள் கூடிப் பேசி, இரண்டு அணிக்கும் கோப்பை, ஆளுக்கு ஆறு மாதம் என்று அறிவித்தார்கள். முதல் ஆறு மாதம் யாருக்கு என்று நாணயம் சுண்டினார்கள். அதில் ஓசூர் ஜெயித்தது. எங்கள் ஆட்கள் அதைத் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நாலு வருடத்தில் முதல் முறையாக ஓசூர்க்காரர்கள் ஒரு கோல்கூட போடாமல் போகிறார்கள் என்று பாஷா மூன்று மொழியிலும் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் லென் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அந்த வானொலிக்காரருக்கு ஊருக்குப் போனதும் போன் பண்ண வேண்டும்," என்றார். "இன்னும் ஆள் தேடுகிறாரா என்று கேட்க வேண்டும்."

தேடிக்கொண்டிருந்தார். மற்றது முதலிலேயே சொல்லிவிட்டேன்.

7

நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் காலை மண்டிக்குப் போனேன். தக்காளிப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சண்முகம் ஏலம் முடித்துவிட்டு வந்து இரண்டு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்தான். டீ சொன்னான். அன்று மைதானத்திலிருந்து கோபித்துக்கொண்டு போன பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"வேற என்னங்கண்ணா சொல்லாம உட்டீங்க?"

சொன்னேன். ஒவ்வொரு கேசட்டிலும் லென் அவனைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னேன். சண்முகம் என்றால் தோல்வி என்று அர்த்தமா எனக் கேட்டதைச் சொன்னபோது டீ மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தான்.

டம்ளரைக் கீழே வைத்தான். "இப்ப நான் சொல்லாம உட்டதையும் சொல்லிடறேன்."

அவன் எதை விட்டிருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. வாரம் தவறாமல் கடிதம் போடுகிறவன் அவன்.

"அப்பா நீங்க பேசி அனுப்பற கேசட்ட கேக்கறதில்ல. ஏன் இவன் இவ்ளோ மெதுவா பேசறான், ஒடம்பு கிடம்பு சரியில்லயான்னு கேட்டுட்டு எந்திரிச்சிப் போயிருவாரு. மேக்காலக் கெணறு வத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. தண்ணி நல்லா இருக்குதுன்னு எழுதினேன். எனக்கு டைபாய்டு வந்து தர்மபுரி ஆஸ்பத்திரியில ஒரு வாரம் கெடந்தேன். அந்த வாரம் கடுதாசி லேட்டானதுக்கு தபால்காரர் மேல பழி போட்டேன்."

அவன் பெட்டியின் சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பறம் அம்மா."

அம்மா இறந்தபோது என்னால் போக முடியவில்லை. லீவு கிடைத்து டிக்கெட் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியாக என்ன சொன்னாள் என்று எழுதிக் கேட்டிருந்தேன். உங்கள் பேரைத்தான் சொன்னாங்க என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை நான் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறேன்.

"அம்மா உங்க பேர சொல்லலீங்கண்ணா."

"பின்ன?"

"தக்காளிக்குத் தண்ணி உட்டியாடான்னு கேட்டாங்க."

மண்டியில் யாரோ எடைக்கல்லைத் தூக்கிப் போட்டார்கள். என் பேரைச் சொல்லிக்கொண்டே போன ஒருத்தியை நினைத்து மூன்று வருடமாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். அவளை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. இந்தக் கேள்வியைக் கேட்டவளைத் தெரியும். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வரப்பில் நின்று, பதில் வரும்வரை நகராதவள்.

"நீ என்ன சொன்ன?"

"உட்டாச்சும்மான்னு சொன்னேன்."

"உட்டிருந்தியா?"

சண்முகம் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து அவன் கையைப் பிடித்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இல்லீங்கண்ணா," என்றான்.